அவள் கையில் போன வால்வுகள்

ஒரு பெண்ணின் மீது நான் பழி போட்டேன். போட்டபோது அது பழி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. முதல் பாதியை யாரிடமும் சொல்லிச் சமாளித்துவிடலாம். இரண்டாம் பாதிக்குச் சமாதானம் கிடையாது. எனக்கு வயதாகிவிட்டது, சுற்றி வளைத்து எழுதத் தெம்பில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேங்கிக்காலில், புதிதாக மனை பிரித்த நகரில் வீடு. பழைய வால்வு ரேடியோக்களைத் திறந்து நோண்டுவது இளமையிலிருந்தே உள்ள பழக்கம். என் மனைவி அதற்கு வைத்த பெயர் குப்பை. அந்தப் பேச்சு எப்படியோ பரவி, அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் ஒருநாள் பைக்கில் வந்து இறங்கினார். விவசாயி. வயசுக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கல்யாணம், திருவிழா என்று வடாற்காடு முழுவதும் சுற்றிவிட்டு, அப்பா இறந்ததும் நிலத்துக்குத் திரும்பியவர்.

"சார், எங்க வீட்டுல ஒரு பெட்டி இருக்குது. பாடுது, ஆனா உள்ளார பல்பு மாதிரி எரியறதுல ஒண்ணு மினுக்கு மினுக்குனு பண்ணுது. கடைக்காரனுங்க எவனும் தொட மாட்டேங்கறான். நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

அவர் வீட்டின் பின்கட்டில் குளிர்காலந்தோறும் ஒரு வெளிநாட்டுக்காரர் வாடகைக்கு இருந்திருக்கிறார். வயதாகி, இனி வரமுடியாது என்று ஆனதும், தன்னுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை இவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். கறுப்புத் துணி ஒட்டிய கனமான பெட்டி அது. வீட்டில் எல்லாரும் அதைப் பெட்டி என்றே சொன்னார்கள்.

பின்பலகையைக் கழற்றியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. இப்போதைய ஆம்ப்ளிஃபயரில் நகத்தளவு சிப் செய்கிற வேலையை அதில் கண்ணாடி வால்வுகள் செய்தன. சின்னது மூன்று, பெரியது இரண்டு. உள்ளே இழை சூடாகிச் செம்மஞ்சளாக எரிந்தால்தான் வால்வு வேலை செய்யும். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் சுவிட்சைப் போட்டு இழையைச் சூடேறவிட்டு, கொஞ்சம் பொறுத்து இரண்டாவது சுவிட்சைப் போட வேண்டும். சூட்டோடு பெட்டியைத் தூக்கக்கூடாது. உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சுப் போல ஒன்று பளபளக்கும். அது பால்வெள்ளையாக மாறிவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கி எறிய வேண்டியதுதான். இதையெல்லாம் அவருக்கும் அவர் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பல்லி எச்சத்தையும் எறும்பையும் துடைத்து, கம்பிக்கால் துருவேறிய வால்வுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். மினுக்கல் நின்றது.

மகள் அப்போது கல்லூரி முடித்து, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைவிட நன்றாக வாசித்தாள். அவருக்கே அதில் பெருமை. "நான் வாசிச்சா பெட்டி கத்துது சார், இவ வாசிச்சா பேசுது" என்பார்.

வால்வுக்கு உள்ளூரில் வழியில்லை. டிசம்பரில் மலையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களில் யாரிடமாவது முன்கூட்டிச் சொல்லிவைத்து, அவர்கள் கொண்டுவந்தால் உண்டு. ஒரு ஜோடி போய்விட்டால் அடுத்த சீசன் வரை பெட்டி ஊமை. அதனால் அந்த வீட்டில் அந்த ஐந்து வால்வுகளைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் போவது ஞாயிற்றுக்கிழமை காலைகளில். ஒரு தடவை சத்தம் மந்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்னழுத்தம் இருநூறுக்கும் கீழே இருந்தது. நிலத்தை ஒட்டிய வீடு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி இணைப்பு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெட்டியின் பின்புறம் ஒரு சின்னத் திருகு உண்டு. 240, 220, 200 என்று மூன்று எண்கள். வீட்டுக்கு வரும் கரண்டுக்கு ஏற்றபடி அதைத் திருப்பி வைக்க வேண்டும். நான் 200-க்குத் திருப்பினேன். சத்தம் கணீரென்று எழுந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "படிச்சவங்க படிச்சவங்கதான் சார்."

அதற்குப் பிறகு, சீசனுக்கு ஒரு ஜோடியாகப் பெரிய வால்வுகள் போகத் தொடங்கின. உள்ளே இருக்கும் தகடு சிவந்து பழுத்து, ஃபியூஸ் போய்விடும். ஒவ்வொரு தடவையும் மகள் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் போனது. அப்பா வாசிக்கும்போது ஒருநாளும் போனதில்லை.

நான் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று நினைத்தது இதுதான்: ஒரே பெட்டி, ஒரே கரண்டு, இரண்டு பேர், ஒருவர் கையில் போகவில்லை, இன்னொருத்தி கையில் போகிறது. வகுப்பில் பரிசோதனை நடத்துகிறவன் போல முடிவுக்கு வந்தேன். அவளை முன்னால் நிற்கவைத்து அவள் அப்பாவிடம் சொன்னேன், "சுவிட்ச் போடறதுல அவசரப்படறா. சூடேற விடறதில்ல. கையும் கொஞ்சம் கனம்."

"இல்ல சார், நீங்க சொன்ன மாதிரிதான் பொறுத்துப் பொறுத்துப் போடறேன்" என்றாள்.

"பொறுத்துப் போட்டா எப்படிம்மா போகும்?" என்றேன். எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வருஷம் புதுச்சேரியில் ஓர் இசைக்குழுவினர் அவளைக் கேட்டார்கள். யாரோ ஒரு கல்யாணத்தில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பிடித்ததே அந்தப் பெட்டியின் சத்தம்தான். பெட்டியோடு வா என்றார்கள். தை பிறக்கட்டும், முடிவு சொல்கிறேன் என்று அவள் தவணை வாங்கியிருந்தாள். அவள் அப்பா என்னிடம் யோசனை கேட்டார்.

"அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். தங்க லேடீஸ் ஹாஸ்டல் எல்லாம் பாத்துட்டாங்க. பெட்டிதான் யோசனையா இருக்குது. இங்க வெச்சே ஒடைக்கறா. ஊரு ஊரா தூக்கிட்டுப் போயி இன்னா பண்ணுவாளோ?"

"கொடுக்க வேணாம்" என்றேன். "அவ தொடாம இருக்கறது பெட்டிக்கு நல்லது."

அப்பா அன்றிலிருந்து அவளைப் பெட்டியைத் தொடவிடவில்லை.

மார்கழிப் பௌர்ணமி அன்று நான் கிரிவலம் கிளம்பினேன். பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. அடி அண்ணாமலைக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அவர் வாசலில், மலை சுற்றுகிறவர்களுக்குக் கொடுக்க, சுக்குக் காப்பிக்கு ஸ்டவ் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். திடீரென்று மேலே பல்பு பளீரென்று வெளுத்தது. ஃபேன் வேகம் பிடித்துக் கடகடத்தது.

"மோட்டார் கரண்ட்டு போச்சு" என்றார் அந்த அம்மா, தண்ணீர்ச் சொம்பை என்னிடம் நீட்டியபடி. "இனிமே ராவெல்லாம் பேயாட்டம் சுத்தும் இந்த ஃபேனு."

நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

கிராமத்துப் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் விடுவார்கள். அது வந்ததும் சுற்றுவட்டாரக் கிணறுகள் அத்தனையிலும் மோட்டார் ஓடும். வீடுகளில் கரண்ட் படுத்துவிடும். அது நின்றதும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நிற்கும், கரண்ட் எகிறும். காலையில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் பாய்கிற வரை வீட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். அது அவர் வழக்கம். நான் போனதும் அந்த நேரத்தில்தான். மகள் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து வாசிப்பது மோட்டார்கள் நின்ற பிறகு. கரண்ட் கம்மியான நேரத்துக்கு ஏற்றபடி நான் திருப்பி வைத்த பெட்டியில், கரண்ட் ஜாஸ்தியான நேரத்தில் அவள் வாசித்திருக்கிறாள். வால்வு சிவந்து சாகாமல் வேறென்ன செய்யும்?

பெட்டி இருந்த பின்கட்டுக்குப் போய், நான் அங்கேயே விட்டுவைத்திருந்த மீட்டரை எடுத்துப் பார்த்தேன். இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. திருகை 240-க்குத் திருப்பினேன். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னா சார், முகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றார் அவர்.

"முழங்கால்" என்றேன்.

அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தை பிறக்க நாள் இருந்தது. ஒரு வார்த்தை போதும். தப்பு என்னுடையது, பெட்டியை அவளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் என் தொண்டையை யாரும் பிடித்திருக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். ஊரில் எந்த வீட்டில் கரண்ட் தகராறு என்றாலும் சாரைக் கேளு என்பார்கள். காலையில் ஒரு தடவை மட்டும் அளந்துவிட்டு, நாள் முழுக்க அதுதான் என்று நம்பியவன் என்று தெரிந்தால் அந்த நாற்காலி போய்விடும். அதற்காகத்தான். பெரிய காரணம் எதுவும் இல்லை.

பிறகு நடந்தது எனக்கே பொறுக்காது. வால்வு ஒன்றும் போகவில்லை. திருகு சரியான இடத்தில் இருந்ததால் போகவில்லை. காலையில் சத்தம் கொஞ்சம் மந்தமானதை, பெட்டிக்கு வயசாகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவள் தொடாததும் அதே சமயம்தான். வருஷம் வருஷமாக அதே ஜோடி ஓடியது. "பாத்தீங்களா சார்? அவ கை படல, பெட்டி கல்லு மாதிரி நிக்குது. நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்று போகும்போதெல்லாம் அவர் சொல்வார். நான் வால்வைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கேட்டுத்தான் களைத்துப்போனேன் என்று நினைக்கிறேன்.

பெட்டி இல்லாததால் அவள் புதுச்சேரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அவள் அங்கே ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர் ஆனாள். கிட்டார் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது.

போன வருஷம் அவள் பெண்குழந்தைக்குக் காது குத்தினார்கள். அப்பா வீட்டில்தான் விருந்து. பந்தலில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நடுவில் நின்றுபோக, பக்கத்தில் இருந்த மகள் என்னவென்று பார்க்கப் பிளக்கிடம் குனிந்தாள்.

"ஏய் ஏய், நீ தொடாத தாயி" என்றார் அப்பா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "மைக் செட்டுக்காரனுக்கு அவன் செட்டு வேணும்."

மாமன் முறைக்காரர் ஒருவர், "கரண்டுக்கே ஷாக் அடிக்கிற பொண்ணு இது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீட்டிய கையை இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே அந்தக் கை அப்படிப் போயிற்று. பழகிய கை.

இலை முன்னால் உட்கார்ந்தேன், பாதியில் மூடிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரிடம் சொன்னேன். பெட்டியைத் திறந்து, திருகைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரியாமல் போகவில்லை. மோட்டார் கரண்ட்டோடு வாழ்கிறவர். வெகுநேரம் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எம் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"பண்ணல."

"நானு அவள ஊரு நடுவுல..." என்று நிறுத்தினார். பிறகு, "இத்தினி வருசம் கழிச்சு எதுக்கு சார் எங்கிட்ட சொல்றீங்க? எங்கிட்ட சொன்னா ஆச்சா?" என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவர் வழியனுப்ப எழவில்லை.

கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். பள்ளி விடுமுறை நாள். அவள் கதவைத் திறந்து, "வாங்க சார், இவ்ளோ தூரம்?" என்றாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கியது. அவள் கணவர் உள்ளே மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்.

"அவருதான் போடுவாரு" என்றாள், நான் பார்ப்பதைக் கவனித்து. "எனக்கு பயம் சார். நான் போட்டா எதுனா ஆயிடும்னு."

அதற்குப் பிறகு பேச்சைத் தொடங்குவது கடினமாக இருந்தது. தொடங்கினேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். நான் முடிக்கும் வரை முகம் மாறவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு நானே நம்பிட்டேன் சார்" என்றாள். "ஃபர்ஸ்ட்டு இல்லேன்னுதான் தோணுச்சு. அப்புறம் படிச்சவரு சொல்றாரே, எங்கியோ தப்பு பண்றோம் போலன்னு. சுவிட்ச் போட்டுட்டு மனசுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணிப் பாத்தேன். எண்ணினப்பவும் போச்சு. அப்ப கைதான் சரியில்லேன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்."

மிக்ஸி நின்றது. கணவர் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

அப்பாவிடம் இதை நான் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒரு வருஷம் கழித்து என்றோ, கல்யாணத்துக்குப் பிறகு என்றோ சொன்னால் சரிபார்க்க யாரும் இல்லை. பஸ்ஸில் வரும்போதே அந்தப் பொய் என்னோடு உட்கார்ந்து வந்தது.

"மார்கழிப் பௌர்ணமி அன்னிக்கு" என்றேன். "உங்க வீட்டுக்குத் தண்ணி குடிக்க வந்தேனே, அன்னிக்கு."

"நான் துணி மடிச்சிட்டிருந்தேன்."

"ஆமாம்மா."

"தை பொறக்கல அப்ப."

"பொறக்கல."

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வர நேரமாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். புதுச்சேரிக் குழுவை இப்போது போய்ப் பார்க்கலாமா, நான் யாரிடமாவது பேசட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே அபத்தமாக இருந்தது.

"அவங்க கலைஞ்சு போயி ரொம்ப வருசம் ஆச்சு சார்" என்றாள். பிறகு கணவரிடம், "சாருக்கு பஸ் எப்பன்னு பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். அவள் அப்பா பெட்டியையும் கிட்டாரையும் வேனில் ஏற்றி மகள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தாராம். அவர் என்னைப் பிறகு கூப்பிடவில்லை. ஒரு தடவை நான் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, அவர் நிலத்தில் இருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் அவர் இருமுவது கேட்டது.

சில மாதங்கள் கழித்துப் பஸ் நிலையத்தில் அவள் கணவரைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் அவர்தான் என்னை அடையாளம் கண்டு வந்து நின்றார். அவள் வாசிக்கிறாளா என்று கேட்டேன்.

"ஸ்கூல் வுட்டு வந்தா போடுவா சார். வாசிக்கறதும் உண்டு, சும்மா உக்காந்துட்டிருக்கறதும் உண்டு. பழைய மாதிரி விரல் ஓடலங்கறா. புள்ளைங்க ரெண்டு பேரு பாட்டு கத்துக்க வருதுங்க." கொஞ்சம் தயங்கி, "போன வாரம் சின்ன வால்வு ஒண்ணு போச்சு" என்றார்.

"அவ வாசிக்கும்போதா?"

"ஆமா. சுவிட்ச அணைச்சா. அப்புறம் ஃபோன்ல எதையோ பாத்து, கழட்டி, எடுத்து வெச்சிருந்த வேற ஒண்ணு மாட்டிட்டா. பழசு, வயசாயிடுச்சுன்னு சொன்னா."

"நான் வந்து ஒரு தடவை பாக்கட்டுமா? சாக்கெட் சுத்தம் பண்ணணும், ரொம்ப நாள் ஆச்சு."

அவர் வேன் சாவியைக் கையில் உருட்டினார். சங்கடப்படுகிற மனிதர்.

"வேணாம் சார். நீங்க எங்கனா பாத்து கேட்டா வேணாம்னு சொல்லச் சொன்னா. கோவமா சொல்லல. அவளே பாத்துக்கறாளாம்."

சரி என்றேன். வேங்கிக்கால் வழியாகத்தான் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது; அதை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் மழை ஏமாற்றிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். என் தெருமுனையில் நிறுத்தி, நான் இறங்கி ரோட்டைக் கடக்கும் வரை காத்திருந்தார்.